ஏழு பேர் கட்டிப்போன புடவை

நெல்லிக்குறிச்சி நகராட்சியிலிருந்து இன்டர்வியூ கடிதம் வந்ததற்கு மறுநாள் காலையில், தவமணி குளித்துவிட்டு வந்து, பதினான்கு மாதமாகக் கட்டிவந்த சாம்பல் நிறப் புடவையை எடுத்து உடுத்தினாள். கொசுவத்தை மடித்து இடுப்பில் செருகுவதற்குள் அது மிளகாய்ப்பழச் சிவப்பாகிவிட்டது. அவிழ்த்துப் போட்டுவிட்டு அடுத்த சாம்பல் புடவையை எடுத்தாள், அது முந்தானையைத் தோளில் போடும்போதே மாம்பழ மஞ்சளாயிற்று; மூன்றாவதை எடுத்தாள், அது இடுப்பைச் சுற்றிய முதல் சுற்றிலேயே கிளிப்பச்சையாயிற்று. கணவன் இறந்த பதினாறாம் நாள் நாத்தனார் ஒரே கடையில், கரை இல்லாமல் பார்த்து, ஒரே கட்டாக எடுத்துவந்து கொடுத்த மூன்று புடவைகள் அவை. நான்காவது என்று ஒன்று அவளிடம் இல்லாததாலும், அன்று தண்ணீர் வரும் நாள் என்பதாலும், கிளிப்பச்சையிலேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

குழாயடியில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வரிசையில் அவள் குடத்துக்கு இடம் விட்டார்கள். அந்த ஊரில் தவமணிக்கு எப்போதும் இடம் விடுவார்கள், அதற்குக் காரணம் உண்டு. அவள் கணவன் அய்யாத்துரை நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் ஆள். பன்னிரண்டு தெருவுக்கும் மூன்று நாளைக்கு ஒரு தரம், இரண்டு முழ நீள இரும்புச் சாவியோடு சைக்கிளில் போய், குழிக்குள் குனிந்து வால்வைத் திருகிவிட்டு, மணிக்கணக்குப் பார்த்துத் திரும்ப மூடுவான். அப்படி ஒரு காலையில் மேலத்தெரு வால்வைத் திறந்துவிட்டு, குழியின் விளிம்பில் உட்கார்ந்தவன், உட்கார்ந்தபடியே இறந்துபோனான். மூட ஆள் இல்லாததால் அன்றைக்கு நான்கு தெருக்களுக்குச் சாயங்காலம் வரை தண்ணீர் வந்தது. தண்ணீர் நிற்கவில்லையே, ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் போய்ப் பார்த்திருப்பார்கள். தண்ணீர் கூடுதலாக வந்தால் எந்த ஊரில் யார் ஏன் என்று கேட்பார்கள்? குடம் நிறைந்து, தொட்டி நிறைந்து, அண்டா நிறைந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை வரைக்கும் துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தத் தண்ணீரை யாராலும் திருப்பி ஊற்ற முடியவில்லை, அதனால் வரிசையில் இடம் விட்டார்கள்.

தவமணி குடியிருந்தது மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருந்த ஐந்து நகராட்சி வீடுகளில் ஒன்றில். வேலை கிடைத்தால் வீடு இருக்கும், கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்துவிட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று கடிதத்தின் கடைசி வரியிலேயே எழுதியிருந்தார்கள். போவதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை. அப்பன் வீடு என்று ஒன்று இருந்தது, அதில் இப்போது அண்ணனின் மாமியார் இருந்தாள்.

கடிதத்தோடு அவள் முதலில் போன இடம் நாகலிங்கம் வீடு. நாகலிங்கம் அதே நகராட்சியில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருக்கும்போது செத்துப்போனவர்களின் சம்சாரங்கள், கருணை அடிப்படையில் அந்த வேலையைக் கேட்டுப் போகும்போது, எப்படிப் போக வேண்டும் என்று சொல்லித்தருவது அவருடைய தொண்டு. காசு வாங்க மாட்டார், காப்பிகூட வாங்க மாட்டார். இதுவரை ஏழு பேரை அனுப்பியிருந்தார், ஏழு பேருக்கும் கிடைத்திருந்தது. அவர் பேச்சைக் கேட்காமல், சின்னாளப்பட்டுப் புடவையும் தலையில் ஒரு முழம் பூவுமாகப் போன ஒருத்தியிடம், "இந்த வேலை உங்களுக்கு அவசியந்தானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்கள், அவள் ஃபைல் இன்னும் எங்கோ அலமாரியில் தூங்குகிறது.

"தாயி, அங்க மூணு பேரு உக்காந்திருப்பாங்க. நீ வாசப்படி தாண்டுறதுக்குள்ள முடிவு பண்ணிருவாங்க" என்றார் நாகலிங்கம். "வெளுத்த புடவை. வெறும் நெத்தி, வெறும் கழுத்து. ரப்பர் செருப்பு, அதையும் வெளியில விட்டுட்டுப் போ. கையில கைக்குட்டை. ரெண்டாவது கேள்விக்கு அழுதிரணும். முதக் கேள்விக்கே அழுதா நடிப்புன்னு நெனைப்பாங்க."

"அண்ணே, புடவைதான் ஒண்ணும் வெளுப்பா நிக்க மாட்டேங்குது" என்றாள் தவமணி.

அவர் அவளுடைய கிளிப்பச்சையை அப்போதுதான் பார்த்தார். முப்பத்தாறு வருடம் ஆபீசில் இருந்தவர், ஆச்சரியப்படுகிற வழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "இன்டர்வியூவுக்குப் பன்னெண்டு நாள் இருக்கு, சரி பண்ணிரலாம்" என்றார்.

சரி பண்ணுகிற வேலையில் தெருவே இறங்கிற்று. அடுத்த வீட்டு மெகருன்னிசா தையல்காரி. அவள் சலவை சோடாப் போட்டு மூன்று புடவையையும் கொதிக்கவைத்துப் பார்த்தாள், மூன்று தண்ணீருக்கும் சாயம் இறங்கவில்லை. லைனிங்குக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியில் ஆறு கெஜம் கிழித்துக் கட்டச் சொன்னாள், அது ராணி கலராயிற்று. உள்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பிக் கட்டினார்கள், இரண்டு பக்கமும் ஏறிற்று. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பழம்புடவையைச் சுற்றிவிட்டார்கள், மேலே இருந்தது எலுமிச்சையாகவும் அடியில் இருந்தது மயில்கழுத்தாகவும் ஆயின. யாரோ ஒருத்தி கடைசியாகப் படுக்கைவிரிப்பைக் கொண்டுவந்தாள். அது காவியாகி, இன்றைக்கும் அந்த வீட்டுக் கட்டிலில் அப்படியே காவியாக விரிந்துகிடக்கிறது.

ஏறிய நிறம் இறங்குவதில்லை என்பது தெரிந்த பிறகு, ஊர் அதை ஊர் எடுத்துக்கொள்கிற விதத்தில் எடுத்துக்கொண்டது. நான்காம் நாள் தண்ணீர் வரிசையில் வைத்த காலிக் குடங்களுக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு வெளுத்த புடவை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு குடம் நிறைகிற நேரத்துக்குத் தவமணி அந்தப் புடவையைச் சுற்றிக்கொண்டு நிற்க வேண்டும், நிறைந்ததும் அவிழ்த்துக் கொடுக்க வேண்டும்; குடத்தை இடுப்பிலும் புதுநிறப் புடவையைத் தோளிலுமாக வாங்கிக்கொண்டு அவர்கள் போவார்கள். என்ன நிறம் வேண்டும் என்று கேட்க முடியாது, வருவதுதான் வரும்; அரக்கு கேட்டவளுக்குக் காப்பிக்கொட்டை வந்தது, காப்பிக்கொட்டையே போதும் என்றவளுக்கு ராமர் பச்சை வந்தது, வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. நூல் புடவையைப் பட்டாக்கித் தருமா என்று ஒருத்தி விசாரித்தாள். அதெல்லாம் தராது, துணி துணிதான், நிறம் மட்டுந்தான் என்று வரிசையில் இருந்தவர்களே சொல்லிவிட்டார்கள். புருஷன் செத்து ரெண்டு வருஷம் முடியல, அதுக்குள்ள உடம்பு கலர் கேக்குது பாரு என்று டீக்கடை வாசலில் சொன்னவள், அன்று சாயங்காலமே முந்தானைக்குள் மறைத்து ஒரு பழைய வாயில் புடவையை எடுத்துவந்தாள். தவமணி அதையும் கட்டிக் கொடுத்தாள். சுகாதார ஆய்வாளர் வந்து குழாய்த் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துப் போய், குடிக்க உகந்தது என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

தவமணிக்கு மட்டும் விஷயம் அதோடு முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவளுக்குப் பயமாக இருந்தது. வீடு போய்விடுமே என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், இந்த உடம்பு தன்னைக் காட்டிக்கொடுக்கிறதோ என்பது. அய்யாத்துரை செத்த அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. ஊரே அழுதது, நாத்தனார் மண்ணில் புரண்டாள், இவள் மட்டும் வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனை எனக்குப் பிடிக்காமலா இருந்தது என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பிடித்திருந்தது, ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு ஏன் என் மேல் படுகிற துணியெல்லாம் கல்யாண வீடு மாதிரி ஆகிறது என்று கேட்டாள்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ரத்னா வந்தாள். ரத்னாவை ஊருக்கே தெரியும். நகராட்சி ஆபீசில் மணி அடித்ததும் ஓடுகிற, டீ கொண்டுவந்து வைக்கிற, பெயர் கூப்பிட்டு ஆட்களை உள்ளே அனுப்புகிற உதவியாளர். நாகலிங்கம் அனுப்பிவைத்த ஏழு பேரில் அவள் இரண்டாவது ஆள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் எப்படி இன்டர்வியூவுக்குப் போனாளோ அப்படியே அன்றிலிருந்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். வெளிறிய புடவை, வெறும் நெற்றி. இதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள், இதை மாற்றினால் என்ன கேட்பார்களோ என்று முதல் வருடம் பயந்தாள். பிறகு பயம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. மற்ற ஆறு பேரும்கூட அப்படித்தான் வேலைக்குப் போனார்கள், இருப்பவர்கள் இன்னும் போகிறார்கள்.

ரத்னாவின் கையில் ஒரு பழைய மஞ்சள் பை இருந்தது. "இன்டர்வியூ புடவை. ஏழு பேரும் இதைத்தான் கட்டிட்டுப் போனோம். நான் வச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்றாள். வெளிறிய நீலமா, வெளிறிய சாம்பலா என்று சொல்ல முடியாத புடவை அது. ஏழு இடுப்பில் மடிந்த மடிப்பு அதில் கோடாக விழுந்திருந்தது. "இதுக்கு ஏழு வேலை வாங்கிக் குடுத்த ராசி இருக்கு. இது மாறாதுன்னு நெனைக்கேன். கட்டிப் பாரு தவமணி."

தவமணி கட்டினாள். நாகலிங்கமும் மெகருன்னிசாவும் வாசலில் நின்றார்கள். முதல் சுற்றுக்கு மாறவில்லை. கொசுவத்துக்கும் மாறவில்லை. நாகலிங்கம் மூச்சு விட்டார். முந்தானை தோளில் விழுந்தபோது, பூ விரிவதைப் போல அவ்வளவு மெதுவாக, கீழ்க்கரையிலிருந்து மேலே கத்தரிப்பூ நிறம் ஏறத் தொடங்கி, ஏறி, தோள் வரைக்கும் வந்து நின்றது.

"போச்சு" என்றார் நாகலிங்கம். "ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லி மனுக் குடுப்போம். உடம்பு சரியில்லன்னு எழுதுறேன்."

ரத்னா அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் வந்து முந்தானையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, கடையில் விலை கேட்கத் தயங்குகிறவளைப் போல, "அவுத்துக் குடுத்தா நாளைக்கு நான் கட்டிக்கிடட்டுமா?" என்றாள்.

"உங்க புடவைதானக்கா" என்றாள் தவமணி. ரத்னா மடித்து மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

அவள் போன பிறகு தவமணி, "மனுவெல்லாம் வேண்டாம்ணே. எதைக் கட்டினாலும் இதுதான்னா, என்னோடதையே கட்டிட்டுப் போறேன்" என்றாள். நாகலிங்கத்துக்குக் கோபம் வந்தது. "வீடு போயிரும், புரியுதா? நான் உன் நல்லதுக்குத்தானம்மா சொல்றேன்" என்றார். அது உண்மைதான், அவர் யாருக்கும் கெட்டது நினைத்ததே இல்லை. தவமணிக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் நிற்காத நிறத்தை எங்கிருந்து கொண்டுவருவது? மறுநாள் காலையில், முதலில் மாறிய அந்த மிளகாய்ப்பழச் சிவப்பை மெகருன்னிசா இஸ்திரிப் பெட்டி போட்டுத் தந்தாள். பொட்டு வைக்கிறாயா என்று கேட்டதற்கு, தோணல என்று சொல்லிவிட்டு, தவமணி வெறும் நெற்றியோடு கிளம்பினாள்.

பத்தரை மணிக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது கத்தரிப்பூ நிறப் புடவை கட்டிய ரத்னா. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்; நடுவில் இருந்தவர் பென்சிலை வைத்துக்கொண்டு ஃபைலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதான் அய்யாத்துரை சம்சாரமா?"

"ஆமா சார்."

"வீட்டுல ஏதும் விசேஷமா?"

"இல்ல சார்."

"வறிய நிலைன்னு சர்டிபிகேட் வச்சிருக்கீங்க. பார்த்தா அப்படித் தெரியலையேம்மா" என்றார் அவர், கடுமையில்லாமல்தான். "இந்த வேலை உங்களுக்கு அவசியந்தானா?"

சம்சாரமா என்று கேட்டதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இதுதான் இரண்டாவது கேள்வி, அழ வேண்டிய இடம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அய்யாத்துரை முகத்தை நினைத்துப் பார்த்தாள், அழுகை வரவில்லை. கைக்குட்டையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது, அதை அவள் எண்ணிப் பார்க்காமலே சொல்லத் தொடங்கினாள்.

"அவரு தொட்டியில பிளீச்சிங் பவுடர் கலக்குவாரு சார். அந்த வாசம் அவரு கையில இருந்து போகவே போகாது. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் இருக்கும். சோத்தைப் பெசஞ்சா சோத்துல அடிக்கும். என் தலையில கைவச்சா தலையில அடிக்கும். தெனமும் திட்டுவேன். இப்ப என் வீட்டுச் சோத்துல ஒரு வாசமும் இல்ல சார். ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. வேலை குடுங்க, குடுக்காமப் போங்க. எனக்கு அந்த வீடு வேணும். அந்தத் தொட்டிக்குக் கீழ நின்னா, காத்து இந்தப் பக்கம் அடிக்கிற அன்னைக்குக் கொஞ்சம் வருது."

சொல்லி முடித்தபோதும் அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. புடவை மட்டும் இன்னும் கொஞ்சம் சிவந்தது. ஜன்னல் பக்கம் இருந்த அதிகாரி எழுந்து மின்விசிறியைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சரிம்மா. உங்க கஷ்டம் புரியுது" என்றார் நடுவில் இருந்தவர். "ஆனா நான் ஃபைல்ல எழுதணும்ல? நேரில் பார்த்ததில், மனுதாரர் வறிய நிலையில் இருப்பதாகத் தெரியவில்லை. பார்த்ததைத்தானே எழுத முடியும்?" சொல்லிக்கொண்டே பென்சிலால் எழுதவும் செய்தார்.

கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ரத்னா அந்த நேரத்துக்கு டீத்தட்டோடு உள்ளே வந்தாள். இருபத்திரண்டு வருடமாக வந்துபோகிற ஆளை அன்றைக்குத்தான் முதல் தடவையாக மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "என்ன ரத்னா, ஆளே மாறிட்டே? என்ன விசேஷம்?" என்றார் நடுவில் இருந்தவர், சிரித்துக்கொண்டு.

ரத்னா டீயை ஒவ்வொன்றாக வைத்தாள். மூன்றாவது கிளாஸை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் விசேஷம் இல்ல சார். எங்க வீட்டுக்காரர் செத்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. நான் இந்தப் புடவையைக் கட்டினதால இன்னைக்கு அவரு எந்திரிச்சு வந்திடல. இன்னமும் செத்துத்தான் கிடக்காரு. புடவையைப் பார்த்துத்தான் எழுதுவீங்கன்னா, என் பேரையும் சேர்த்து எழுதிருங்க. நானும் இன்னைல இருந்து வறிய நிலையில இல்ல."

சத்தம் உயரவில்லை, டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னாள். அவளுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. தவமணி எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள், சிவப்பும் கத்தரிப்பூவுமாக இரண்டு பேரும் நின்றார்கள்.

நடுவில் இருந்தவர் டீ கிளாஸை ஓரமாக நகர்த்திவைத்தார். பிறகு ரப்பரைத் தேடினார். ஜன்னல் பக்கத்து அதிகாரி தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார். எழுதியதை அழித்து, துகளை ஊதிவிட்டு, பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "ஒண்ணாந்தேதி வந்து சேர முடியுமா?" என்று கேட்டார். முடியும் சார் என்றாள் தவமணி.

வெளியே, சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் நாகலிங்கம் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தார். வர மாட்டேன் என்று சொன்னவர், காலை ஒன்பது மணியிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார்.

"அழுதியாம்மா?"

"இல்லண்ணே."

"இல்லன்னுட்டாங்களா?"

"ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லிட்டாங்கண்ணே."

அவர் தலையை ஆட்டினார். நல்லது என்றார். மறுபடியும் நல்லது என்றார். சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அவர் முகம் கோணிக்கொண்டு போவதைப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயது மனிதர், இடுப்பில் இருந்த துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"முத ஆளா நான் அனுப்புனது எங்க அக்காவைத்தான்" என்றார். "மச்சான் செத்து நாப்பது நாள். வளையலைக் கழட்ட மாட்டேன்னு கையை மடக்கி வச்சுக்கிட்டா. நான்தான் சோப்புத் தண்ணி போட்டு ஒவ்வொண்ணாக் கழட்டினேன். வேலை கெடைக்கணும்ல? கெடைச்சுது. பதினேழு வருஷம் அப்படியே போய்ட்டு வந்தா, அப்படியே செத்தும் போனா. பாடைக்குத் துணி எடுக்கப் போறேன், கடைக்காரன் கேக்கான், என்ன கலர்ல வேணும்னு. எங்க அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும்னு எனக்குத் தெரியல தாயி. கூடப் பொறந்தவன். ஒரு நாளுகூட நான் கேக்கல."